பக்கம் நாற்பத்தேழு

"தம் கட்டித் தள்ளுங்க மாப்ள, கடைசிப் படி!" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தம் கட்டித் தள்ளினார். வாசல் படிகள் மூன்றின்மேலும் சாய்த்துப் போட்டிருந்த பலகை முனகியது. நூற்றைம்பது கிலோ மோட்டார் சைக்கிள் 'நல்வரவு' என்று எழுதிய மிதியடிமேல் ஏறி, ஹாலுக்குள் வந்து நின்றது.

டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பினார். "செருப்புப் போட்டுட்டு உள்ள வந்தாலே எனக்கு ஆகாது. இப்ப டயர் போட்டுட்டு வந்தாச்சா?"

"வேற வழியில்ல. சமதளம் வேணும்னு புத்தகத்துல போட்டிருக்கு" என்றார் மாமனார்.

காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளைக்குப் போன் வந்தபோது விஷயம் இவ்வளவு பெரிதாக இல்லை. "செயினுக்கு எண்ணெய் விடணும். ஒரு கை பிடிக்க வாங்க" என்றுதான் மாமனார் சொன்னார். ஒரு கை என்று சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். போன பிறகுதான் முழு ஆளும் வேண்டியிருக்கிறது.

செயினுக்கு எண்ணெய் விட வேண்டுமென்றால் பின்சக்கரம் தரையில் படாமல் சுழல வேண்டும். இந்த வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. சாய்ந்து நிற்க உதவும் சைடு ஸ்டாண்டு மட்டும்தான். அதனால் மாமனார் தனியாக ஓர் இரும்பு ஸ்டாண்டு வாங்கி வைத்திருந்தார். பின்சக்கரத்தின் இருபுறமும் அதைக் கொடுத்து, நீளமான கைப்பிடியைக் கீழே அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் எழும்பிக்கொள்ளும். கடைக்காரர் செய்துகாட்டியபோது கால் நிமிடம்கூட ஆகவில்லையாம்.

ஆனால் கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்துச் செய்யவில்லை. மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை. முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மருந்து. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருக்க, ஆள் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றால், அடுத்த வேளை பசிக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அவர் கையால் மருந்து வாங்கிய ஒருவருக்குக்கூட ஒருநாளும் மருந்து மாறியதில்லை என்பதை ஊரே சொல்லும். அப்படிப்பட்ட மனிதரைக் கிண்டல் செய்யலாம். மதிக்காமல் இருக்க முடியாது.

அவர் உள்ளே போய், பழுப்புத் தாளில் அட்டை போட்ட புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். வண்டியோடு கம்பெனி கொடுக்கும் கையேடு. மற்ற வீடுகளில் அது சீட்டுக்கடியில் மழைத்தண்ணீரில் ஊறிக் கிடக்கும். இங்கே அதற்கு நாடா வைத்து அடையாளம் வேறு.

"பக்கம் நாற்பத்தேழு. 'வண்டியைப் பாதுகாப்பாக உயர்த்தும் முறை'" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

மாப்பிள்ளை புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தை எழுதியவரே அவர்தான்.

அவர் வேலை அது. மிக்சி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மோட்டார் சைக்கிள் என்று எது விற்றாலும் 'இதை எப்படிப் பயன்படுத்துவது' என்று கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பார். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமனார் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "கம்பெனிகளுக்கு எழுதித் தர்றேன்" என்றார் இவர். "ஓ" என்றார் அவர். அந்த 'ஓ'வுக்குப் பிறகு ஒன்றரை வருடமாக மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் எழுத்தை இந்த மனிதர் ஒருநாள் மதிக்க வேண்டும் என்பது மாப்பிள்ளைக்கு ஏக்கமாகவே ஆகிவிட்டது. மனைவியிடம்கூட இதைச் சொல்ல வெட்கம்.

இதோ, மதிக்கிறாரே! உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வண்டியை அழகாகத் தூக்கி முடித்ததும், 'அடியேன் எழுதியதுதான்' என்று பவ்யமாகச் சொன்னால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று ஆசைப்பட்டார். ஆசை யாரை விட்டது.

சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு வண்டியையும் தூக்கியதில்லை. இன்ஜினியர் அவருக்கு எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி: 'பின்பக்கத்தைத் தகுந்த ஸ்டாண்டால் உயர்த்தவும்.' பிறகு இன்ஜினியர் லீவில் போய்விட்டார். "பக்கம் காலியா இருக்கு, நிரப்புங்க" என்றார் மேலாளர். மாப்பிள்ளை ஸ்டேப்ளரை வண்டியாகவும், இரண்டு ரப்பர் துண்டுகளை ஸ்டாண்டாகவும் மேஜைமேல் வைத்துப் பார்த்து, ஒரு மதியப்பொழுதில் பக்கத்தை நிரப்பினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதை இன்று மாமனார் அடுப்பிலேயே ஏற்றிவிட்டார்.

"'முற்றிலும் சமமான தரையைத் தேர்ந்தெடுக்கவும்'" என்று முதல் வரியைப் படித்ததும் மாமனார் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கார் நிறுத்துமிடத்தில் வைத்தார். அது கேட்டுவரை உருண்டு போனது. சமையலறையில் வைத்தார், ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. ஹாலில் வைத்தபோதுதான் அசையாமல் உட்கார்ந்தது. வண்டி வீட்டுக்குள் வந்த கதை இதுதான்.

"'வண்டியைச் சுற்றி ஆறடிக்கு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.'"

"ஆறடியெல்லாம் வேண்டாம் மாமா" என்றார் மாப்பிள்ளை பதறிப்போய். ஆறு என்பது அவருக்கு அன்று தோன்றிய எண். நான்கு என்று தோன்றியிருந்தால் நான்கு. "ரெண்டடி போதும்னு நினைக்கிறேன்."

மாமனார் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "நீங்க இப்ப நினைக்கறீங்க. எழுதறப்ப எவ்வளவு யோசிச்சு எழுதியிருப்பாங்க? ஒரு எண்ணைச் சும்மா போடுவாங்களா?"

சோபா வாசலுக்குப் போனது. டீப்பாய் போனது. டிவியும் போனது. மாமியார் நாற்காலியோடு வெளியே போக மறுத்ததால், "பொருள்னுதான் போட்டிருக்கு, ஆள்னு போடல" என்று மாமனாரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

எதிர்வீட்டு டெய்லர் கழுத்தில் டேப்போடு எட்டிப் பார்த்தார். "என்ன சார், சோபாவெல்லாம் வெளிய கிடக்கு? வீடு காலி பண்றீங்களா?"

"வாங்க வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. டேப் இருக்கே, ஆறடி அளந்து சொல்லுங்க."

டெய்லர் ஹாலின் நடுவில் நின்ற வண்டியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மண்டி போட்டு அளக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்களுக்கு அதிகம் விளக்கம் வேண்டியதில்லை. அலமாரி ஒன்றுதான் உள்ளே இருந்தது, ஐந்தே முக்கால் அடியில். அதையும் மூன்று அங்குலம் நகர்த்தினார்கள்.

முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாயிற்று. முன் பிரேக்கை அழுத்திக் கட்ட, டெய்லர் தன் சட்டைப் பையிலிருந்தே நாடா எடுத்துக் கொடுத்தார். இதுவரை எல்லாம் ஒழுங்குதான். மாப்பிள்ளைக்கு லேசாக நம்பிக்கை வந்தது. நாம் ஒன்றும் அவ்வளவு மோசமாக எழுதவில்லை என்று தோன்றியது.

"'ஒருவர் இடதுபுறம் நின்று ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பிடித்து வண்டியை நிமிர்த்தவும். எக்காரணம் கொண்டும் கையை விடக் கூடாது.'" மாமனார் புத்தகத்தைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்தீங்களா மாப்ள? 'விடாதே'ன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். 'எக்காரணம் கொண்டும்'னு எழுதியிருக்காங்க. முப்பத்தஞ்சு வருஷம் சீட்டு படிச்சவன் நான். எழுத்தைப் பாத்தே டாக்டரோட மனசைச் சொல்லிடுவேன். இது படிக்கிறவன் மேல அக்கறை உள்ள எழுத்து."

மாப்பிள்ளையின் காது மடல் சூடானது. 'எக்காரணம் கொண்டும்' என்பதை அவர் வரி கொஞ்சம் நீளமாகட்டும் என்று சேர்த்திருந்தார்.

அவர் இடதுபுறம் பிடித்துக்கொண்டார். வலதுபுறம் ஒருவர் தாங்க வேண்டும் என்று போட்டிருந்ததால் மாமியார் வந்தார். "எனக்கு இடுப்பு பிடிச்சா நீங்கதான் பாத்திரம் தேய்க்கணும்" என்று கணவரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான் கை வைத்தார். மாமனார் ஸ்டாண்டைப் பின்னால் கொடுத்தார்.

"'கைப்பிடியை முழு பலத்துடன் அழுத்தவும்.'"

"மாமா, மெதுவா அழுத்துங்க" என்றார் மாப்பிள்ளை.

"முழு பலம்னு போட்டிருக்கு."

"அது ஒரு பேச்சுக்குப் போட்டிருப்பாங்க மாமா!"

"பேச்சுக்குப் போடற ஆள் இல்ல அவரு" என்று சொல்லிவிட்டு, மாமனார் தன் உடம்பு முழுவதையும் கைப்பிடிமேல் சாய்த்தார்.

வண்டி சட்டென்று எழும்பியது. ஆனால் ஸ்டாண்டு இடதுபுறம் மட்டும்தான் சரியாகப் பொருந்தியிருந்தது. வலதுபுறம் நழுவியது. நூற்றைம்பது கிலோவும் மாமியார் பக்கம் சாய்ந்தது. "ஐயோ!" என்றார் டெய்லர். மாப்பிள்ளை வேறு எதையும் யோசிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, காலை அகட்டி, ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினார். தோள்பட்டை தெறித்துவிடும் போலிருந்தது. மாமனார் ஸ்டாண்டைத் தளர்த்தும்வரை அவர் பிடியை விடவில்லை. பின்சக்கரம் தரையைத் தொட்டது.

மாமனார் ஸ்டாண்டை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"எக்காரணம் கொண்டும்" என்று மாமனார் மெல்லச் சொன்னார். "அந்த ரெண்டு வார்த்தை இல்லேன்னா இன்னிக்கு இவ கால் போயிருக்கும்."

உண்மையில் மாமியாரைக் காப்பாற்றியது வார்த்தையா கையா என்று எனக்குத் தெரியாது. கையைத்தான் நான் பாராட்டுவேன். ஆனால் மாப்பிள்ளைக்கு அப்போது வியர்த்துக் கொட்டியது பளுவால் மட்டுமல்ல. ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு எழுதிய ஒரு வரி ஒரு மனுஷியின் காலை முறிக்கப் பார்த்திருக்கிறது. இனிமேல் சொன்னால், 'தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறவன்' என்று ஆகிவிடும். தப்பு மருந்து கொடுத்தவனை ஒரு கம்பவுண்டர் மன்னிப்பாரா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் பொருந்தியிருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க மாமா" என்றார் கெஞ்சலாக.

"அப்படிப் போடலையே?"

"போடாட்டாலும் பரவாயில்ல மாமா. எனக்காக."

மாமனார் அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'இருபுறமும் பார்க்கவும். மெதுவாக' என்று பொடி எழுத்தில் எழுதினார். எழுதிய பிறகுதான் ஸ்டாண்டைத் தொட்டார். இருபுறமும் பார்த்தார். மெதுவாக அழுத்தினார். வண்டி நான்கு அங்குலம் எழும்பி, அசையாமல் நின்றது.

"அதான் நிக்குதே, கையை எடுத்துடலாமே" என்றார் டெய்லர்.

"எடுக்கலாம்னு போடற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றார் மாமனார். "நீங்க வாசலுக்குப் போங்க. 'ஒருவர் எட்டடி தள்ளி நின்று வண்டி நேராக உள்ளதா எனச் சரிபார்க்கவும்'னு இருக்கு."

டெய்லர் எட்டடி அளந்தார். சுவர் இடித்ததால் வாசலுக்கு வெளியே போய், சோபாவில் உட்கார்ந்துகொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "நேரா இருக்கு சார். தையல் மாதிரி இருக்கு."

மாமனார் ஊசி போடும் சிரிஞ்சில் எண்ணெயை உறிஞ்சி எடுத்து வந்தார். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டார். நூற்றுச் சொச்சம் கண்ணிகள். ஒன்றை விடவில்லை, ஒன்றுக்கு இரண்டு விடவில்லை. செயினும் கடையில் இருந்ததுபோலப் பளபளத்தது. வாங்கி இரண்டு மாதமான வண்டியின் சீட்டுமேல் இன்னும் பாலிதீன் உறை இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி எழுத மறந்துவிட்டோம் என்று மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் அந்தக் கையின் நிதானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. நிற்கத்தான் வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் அடித்தது. மூக்கு அரித்தது. எதற்கும் கை இல்லை.

"முடிஞ்சுது" என்று மாமனார் நிமிர்ந்தார். "இப்ப இறக்கணும்." புத்தகத்தை எடுத்தார். பக்கம் நாற்பத்தேழின் கடைசி வரிவரை விரலை ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முன்பக்கம் வந்தார்.

"நாப்பத்தெட்டுல பேட்டரி வந்துடுதே. இறக்கறது எங்க மாப்ள?"

இறக்குவதை மாப்பிள்ளை எழுதவே இல்லை. ஸ்டேப்ளரை அன்று கையால் எடுத்து டிராயரில் போட்டுவிட்டார். அதோடு வேலை முடிந்தது.

"எனக்குக் கை கடுக்குது" என்றார் மாமியார்.

"எழுதாமலா இருப்பாங்க? இருக்கும், இரு" என்று மாமனார் பொருளடக்கத்தைத் தேடினார். அட்டையைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு, மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தபடி பொறுமையாக நின்றார்.

புலிவாலைப் பிடித்தவனுக்காவது ஓடிவிட ஒரு நப்பாசை இருக்கும். இவருக்கு ஓடவும் வழியில்லை. மாமியார் இன்னும் வண்டியைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தார். மரியாதையாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

"கையை விடுங்க அத்தை. வண்டி தானா நிக்கும். இறக்கறதை எழுதல மாமா. மறந்துட்டேன்."

மாமனார் மூடிய புத்தகத்தைத் திறந்தார்.

"நான்தான் எழுதினேன். மொத்தப் புத்தகமும் நான் எழுதினதுதான். ஆறடி நானா போட்டது. முழு பலமும் நானா போட்டது. இதுவரைக்கும் நான் ஒரு வண்டியைக்கூடத் தூக்கினதில்ல. அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

டெய்லர் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

மாமனார் கோபப்படவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார். நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"மாமா?"

"எழுதாம எதையும் செய்யக் கூடாது. இறக்கறது எப்படின்னு சொல்லுங்க. நிதானமா யோசிச்சே சொல்லுங்க."

மாப்பிள்ளை வண்டியைப் பார்த்தார். இந்த முறை ஸ்டேப்ளர் இல்லை. காலையிலிருந்து கையில் கனத்த வண்டி. குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார், சைடு ஸ்டாண்டைக் காலால் நீட்டிப் பார்த்தார். "முதல்ல சைடு ஸ்டாண்டை நீட்டி வைக்கவும். ஒருத்தர் இடதுபுறம் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கவும். இன்னொருத்தர் ஸ்டாண்டோட கைப்பிடியை மெதுவா மேல விடவும். பின்சக்கரம் தரையில பட்டதும், வண்டியை இடதுபுறமாச் சாய்க்கவும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவசரப்பட வேண்டாம்."

மாமனார் 'அவசரப்பட வேண்டாம்' வரைக்கும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு, வரி வரியாகச் செய்தார்கள். பின்சக்கரம் சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தது. வண்டி தன் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து ஓய்வெடுத்தது. இவ்வளவு அழகாக ஒரு வண்டி இறங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

டெய்லர் கை தட்டினார். மாமனார் தட்டவில்லை. புத்தகத்தை மூடினார், மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்காமலே "கை கழுவிட்டு வர்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

மாப்பிள்ளைக்கு மனம் கனத்துப்போனது. ஒன்றரை வருட 'ஓ'வே தேவலாம். இப்போது அதுவும் போயிற்று.

"அத்தை, மாமா ரொம்ப வருத்தப்பட்டுட்டார் போல. நான் வண்டியை வெளிய இறக்கி வெச்சுடறேன். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தார்னா மனசு கொஞ்சம் ஆறும்."

மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓட்டிட்டா? அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே மாப்ள! பொண்ணு சொன்னதைக் கேட்டு, நீங்க எழுதின புத்தகம் வேணும்னு கடைக்குப் போனாரு, புத்தகத்தைத் தனியா தர மாட்டோம்னுட்டாங்க, அதான் வண்டியோட சேத்து வாங்கிட்டு வந்துட்டாரு."